‘வேண்டாம்’ என்றால் எப்போதும் ‘மஸ்ட் நாட்’ இல்லை: கடற்கரை வாசகர்களின் ஆங்கிலக் கேள்விகள்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கமிருந்து வந்த கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டேன். எல்லாமே கேன், மே, மஸ்ட், ஷுட் வகையறா. இலக்கணப் புத்தகத்தில் இவற்றை மோடல் வெர்ப் என்பார்கள்.

தனுஷ்கோடிக்கு வெளிநாட்டுப் பயணிகளை வேனில் அழைத்துப் போகிறேன். இடிந்த சர்ச் பக்கம் அவர்கள் ஷூவைக் கழற்றப் போனார்கள். ‘கழற்ற வேண்டாம்’ என்பதற்கு ‘யூ மஸ்ட் நாட் ரிமூவ் யுவர் ஷூஸ்’ என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்கள். என்ன தப்பு? (ராமேஸ்வரம்)

அண்ணே, நம் ‘வேண்டாம்’ இரண்டு வேலை பார்க்கிறது. ‘தண்ணியில இறங்க வேண்டாம், இழுத்துரும்’ என்றால் தடை. ‘ஷூவைக் கழற்ற வேண்டாம், பரவாயில்லை’ என்றால் அவசியமில்லை. நாம் குரலை வைத்தே எது என்று புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல். தடைக்கு ‘மஸ்ட் நாட்’, அவசியமில்லாததற்கு ‘டோன்ட் ஹேவ் டு’ அல்லது ‘டோன்ட் நீட் டு’. இங்கே ஷூவைக் கழற்றினால் ஏதோ குற்றம் போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

சந்தேகம் வந்தால் ‘வேண்டாம்’ இருக்கும் இடத்தில் ‘கூடாது’ போட்டுப் பாருங்கள். பொருந்தினால் ‘மஸ்ட் நாட்’. ‘தேவையில்லை’தான் பொருந்துகிறது என்றால் ‘டோன்ட் ஹேவ் டு’.

இதையே திருப்பிப் போட்டால்தான் எனக்குப் பயம். தனுஷ்கோடி கடைக்கோடியில் இருக்கும் அரிச்சல்முனையில் ‘யூ டோன்ட் ஹேவ் டு ஸ்விம் ஹியர்’ என்று சொன்னால், ‘இஷ்டமிருந்தால் நீந்துங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்’ என்றுதான் கேட்பவருக்குப் புரியும். அங்கே இருக்கிற இழுப்புக்கு அது ஆளையே கொண்டுபோய்விடும். கூச்சமே பட வேண்டாம், ‘யூ மஸ்ட் நாட் ஸ்விம் ஹியர்’ என்று அழுத்தியே சொல்லுங்கள்.

‘ஐ கேன் ஏபிள் டு ஸ்பீக் இங்கிலீஷ்’ சரியா? இன்டர்வியூவில் சொல்லலாமா? (மண்டபம், கல்லூரி மாணவர்)

வேண்டாம் தம்பி. ‘கேன்’, ‘ஏபிள் டு’ இரண்டுக்கும் ஒரே பொருள்தான். ‘ஐ கேன் ஸ்பீக்’ அல்லது ‘ஐ ஆம் ஏபிள் டு ஸ்பீக்’, ஏதாவது ஒன்று போதும். ‘ஐ வில் கேன்’ என்றும் கிடையாது. வருங்காலத்துக்கு ‘ஐ வில் பி ஏபிள் டு’.

‘அப்பா வந்திருக்கணும்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? ‘மஸ்ட் ஹேவ்’, ‘ஷுட் ஹேவ்’ இரண்டையும் டீச்சர் அடித்துத் திருத்துகிறார். (தங்கச்சிமடம்)

நல்ல கேள்வி, தங்கச்சி. உன் டீச்சர் திருத்தியதிலும் காரணம் இருக்கும். விடிகாலையில் கரையில் நிற்கிறாய். படகு கட்டிக் கிடக்கிறது, வலை காய்கிறது. ‘ஓ, அப்பா வந்திருக்கணும்’ என்கிறாய். கண்ணில் பட்டதை வைத்து ஊகிக்கிறாய். அது ‘ஹீ மஸ்ட் ஹேவ் கம்’. இன்னொரு நாள், வெயில் ஏறிவிட்டது, மற்ற படகெல்லாம் வந்தாச்சு, அப்பா படகை மட்டும் காணோம். ‘இந்நேரம் வந்திருக்கணுமே’ என்கிறாய். வர வேண்டிய நேரம் தாண்டிவிட்டது, ஆள் வரவில்லை. அது ‘ஹீ ஷுட் ஹேவ் கம் பை நவ்’. தமிழில் வாக்கியம் ஒன்றேதான், ஒரு ‘ஏ’ மட்டும் கூடியிருக்கிறது. ஆனால் மனசு ஒன்றில் நிம்மதி, ஒன்றில் பதற்றம்.

‘வந்திருக்கலாம்’ என்பதும் இப்படித்தான். வந்தாரா இல்லையா என்று தெரியாவிட்டால் ‘ஹீ மே ஹேவ் கம்’. வர வழியிருந்தும் வரவில்லை என்றால் ‘ஹீ குட் ஹேவ் கம்’. முதலில் எந்த அர்த்தத்தில் சொல்கிறாய் என்பதை முடிவு செய். ஆங்கிலம் பிறகு வரட்டும்.

‘நேற்று பெரிய சீலா மீன் பிடிக்க முடிந்தது.’ ‘ஐ குட் கேட்ச்’ எழுதலாமா? (தொண்டி)

ஒரு தடவை நடந்து முடிந்த காரியத்துக்கு ‘ஐ வாஸ் ஏபிள் டு கேட்ச்’ அல்லது ‘ஐ மேனேஜ்டு டு கேட்ச்’. சின்ன வயதில் எப்போதும் இருந்த திறமை என்றால் ‘குட்’ சரி: ‘ஐ குட் ஸ்விம் வென் ஐ வாஸ் சிக்ஸ்’. பிடிக்க முடியவில்லை என்றால் கவலையே இல்லை, ‘குடுன்ட்’ இரண்டுக்கும் பொருந்தும்.

நாளைக்குக் காற்று பலமாக இருக்கலாம். ‘கேன்’ ஆ, ‘மே’ ஆ? வானிலை அறிவிப்பில் மட்டும் ஏன் ‘அட்வைஸ்டு நாட் டு’ என்று போடுகிறார்கள்? (பாம்பன்)

நாளைக்கு என்று குறிப்பாகச் சொன்னால் ‘மே’ அல்லது ‘மைட்’. ‘மைட்’ என்றால் கொஞ்சம் சந்தேகம் கூடுதல், பேச்சில் பெரிய வித்தியாசம் இல்லை. பொதுவான இயல்பைச் சொல்லத்தான் ‘கேன்’: ‘த சீ கேன் பி ரஃப் இன் டிசம்பர்’, வாடைக் காலத்தில் கடல் அப்படி ஆவதுண்டு என்று அர்த்தம்.

‘ஃபிஷர்மென் ஆர் அட்வைஸ்டு நாட் டு வென்ச்சர் இன்டு த சீ’ என்பது சொல்லளவில் அறிவுரை, ‘ஷுட் நாட்’ மாதிரி. ஆனால் அறிவுரைதானே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். அந்த அறிவிப்பு வந்ததும் மீன்வளத்துறை விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போகத் தரும் டோக்கனை நிறுத்திவிடுவது உங்களுக்கே தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி எழுதும்போது ‘மஸ்ட் நாட்’ தான் சரி, அது சட்டம்.

படகு அணையும் ஜெட்டியில் (படகுத்துறையில்) விளக்கு எரியவில்லை. சங்கத்தின் சார்பில் ஆங்கிலத்தில் மனு எழுதுகிறேன். ‘விளக்கு அமைத்துத் தர வேண்டும்’ என்பதற்கு ‘யூ மஸ்ட் ப்ரொவைட் லைட்ஸ்’ சரியா? (கீழக்கரை)

தமிழ் மனுவில் ‘தர வேண்டும்’ என்றால் பணிவான வேண்டுகோள். ‘யூ மஸ்ட்’ என்று போட்டால் அதுவே அதட்டல் ஆகிவிடும். ‘வி வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் அரேஞ்ச் லைட்ஸ் அட் த ஜெட்டி’ என்று எழுதுங்கள். இந்த ‘குட்’ இறந்தகாலம் இல்லை, மரியாதைக்கு வருவது. பழைய ஆட்கள் ‘வி ஷல் பி கிரேட்ஃபுல்’ என்று எழுதுவார்கள், அதிலும் தப்பில்லை.

அந்த ஒரு வரியில் பணிவு இருந்தால் போதும் அம்மா, மனு முழுக்க வேண்டியதில்லை. எந்தத் தேதியிலிருந்து விளக்கு எரியவில்லை, இருட்டில் யார் வழுக்கி விழுந்தார்கள் என்பதையெல்லாம் ‘மே’, ‘மைட்’ போட்டு இழுக்காமல் நேராக எழுதுங்கள்: ‘த லைட்ஸ் ஆர் நாட் வொர்க்கிங்.’