நகலெடுக்கும் கை

அன்புள்ள சார்,

பாகிஸ்தான் ஓவியர் இம்ரான் குரேஷி பற்றிப் போன மாதம் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். நியூயார்க் மியூசியத்தின் மொட்டைமாடியில் சிவப்புப் பெயின்டைக் கொட்டி வைத்திருக்கிறார். இதை எப்படி மினியேச்சர், அதாவது அரசவைகளில் வரைந்த நுண்ணோவியம் என்கிறார்கள்? அவர் படித்த, பாடம் நடத்தும் லாகூர் கல்லூரியில் மாணவர்களை முதலில் பழைய ஓவியங்களை நகலெடுக்க வைப்பார்களாம். கற்பனை செத்துப்போகாதா? பிளஸ் டூ படிக்கும் என் மகளும் நாள் முழுக்க ஜப்பானிய கார்ட்டூன்களைப் பார்த்துக் காப்பி அடிக்கிறாள், சொந்தமாக ஒன்றும் வரைவதில்லை. அதனால்தான் கேட்கிறேன். அப்புறம், இவருடைய படங்கள் என்ன விலை போகும்?

எம்.

அன்புள்ள எம்.,

விலை ஏலக்காரர்களின் கவலை, அதை விடுங்கள். ‘பெயின்டைக் கொட்டி’ என்ற இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. மொபைலில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு போட்டோ பார்த்துவிட்டுத் தீர்ப்பா? பெரிதாக்கிப் பாருங்கள். 2013-இல் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தின் மாடியில் அவர் தெறிக்கவிட்ட சிவப்புக்குள் இதழ் இதழாக இலைகள் இருக்கின்றன. ஜனங்கள் அதன்மேல் நடந்து போனார்கள். இரத்தக் கறை கழுவ எத்தனை மழை வேண்டும் என்று, டாக்கா போய்வந்த உருதுக் கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸ் 1974-இல் எழுதினார். அந்த வரிதான் ஓவியத்தின் தலைப்பு. அந்த இலைகளோ முகலாய ஓவியங்களின், இமயமலை அடிவார அரசுகளின் பஹாடி ஓவியங்களின் மரங்களிலிருந்து வந்தவை. உட்கார்ந்து நகலெடுத்த கைக்குத்தான் அவை அப்படி வரும்.

நகல் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதவேண்டும் என்று கொஞ்ச நாளாகவே இருந்தேன், நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

குரேஷி 1972-இல் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் பிறந்தவர். லாகூர் தேசியக் கலைக் கல்லூரியில் மினியேச்சர் பயின்று 1993-இல் பட்டம் வாங்கினார். பிறகு அங்கேயே ஆசிரியர். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பஷீர் அகமது. பஷீருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் ஹாஜி ஷெரீஃபும் ஷேக் ஷுஜாவுல்லாவும், பரம்பரை பரம்பரையாக அரசவைகளுக்கு வரைந்த குடும்பத்துக்காரர்கள். அந்தச் சங்கிலி அறுந்துபோக இருந்த நேரத்தில், 1980களில், பஷீர் அதை ஒரு பட்டப்படிப்பாக மாற்றிக் காப்பாற்றினார்.

அங்கே படிப்பு தாளில் தொடங்குகிறது. ‘வஸ்லி’ என்பார்கள். மெல்லிய தாள்களை மாவுப் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவேண்டும். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. காய்ந்ததும் சங்கோ வழவழப்பான கல்லோ கொண்டு, கண்ணாடிபோல மின்னும்வரை தேய்க்கவேண்டும். தூரிகைக்கு அணில் வால் முடியைப் புறாச் சிறகின் தண்டில் செருகுவார்கள். தரையில் உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்து, பழைய ஓவியம் ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிறு கோடுகளால் ஒரு கன்னத்துக்கு நிழல் போடவேண்டும். அதற்கு ‘பர்தாக்த்’ என்று பெயர். ஒரு கன்னம் முடியவே பொழுது போய்விடும். கற்பனை சாகும் என்கிறீர்கள். சாகவேண்டிய கற்பனையும் நிறைய உண்டு ஐயா.

இருபது வயதில் எனக்குப் பிடித்த ஒரு எழுத்தாளரின் கதைகளை நாற்பது பக்க நோட்டில் அப்படியே எழுதிப் பார்ப்பேன். அறைக்கு வந்த நண்பன் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘இம்போசிஷனா?’ என்று சிரித்தான். ஆனால், படிக்கும்போது தெரியாத ஒன்று எழுதும்போது தெரிந்தது. அவர் துக்கச் செய்தியை வாக்கியத்தின் நடுவே வைத்துவிட்டு, காப்பி டம்ளரைப் பற்றிப் பேசி முடிப்பார். கண் அதைத் தாண்டிப் போயிருந்தது. கை அங்கே தடுமாறி நின்றது. அப்புறம் அவரை மாதிரி எழுதக்கூடாது என்பதையும் அந்த நோட்டில்தான் கற்றேன். காப்பி அடிக்காதவனுக்கு, தான் யாரைப்போல எழுதுகிறோம் என்பதே தெரியாது. இன்று வரும் கதைகளில் பாதி அப்படித்தான் இருக்கின்றன. பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

லாகூரில் நடந்ததைப் பாருங்கள். 2003-இல் அதே கல்லூரியில் படித்த ஆறு பேர், குரேஷியும் அவர் மனைவி ஆயிஷா காலிதும் சேர்த்து, ‘கார்கானா’ (பட்டறை) என்று ஒரு வேலை செய்தார்கள். ஆளுக்கு இரண்டு வஸ்லியில் ஆரம்பித்து, அடுத்தவருக்குத் தபாலில் அனுப்பவேண்டும். லாகூர், மெல்போர்ன், அமெரிக்கா என்று பன்னிரண்டு தாள்களும் சுற்றின. முந்தையவர் பார்த்துப் பார்த்து வரைந்ததை அடுத்தவர் மூடிவிடலாம், மேலே முத்திரை குத்தலாம், யாரும் கேட்கமுடியாது. அக்பரின் ஓவியச் சாலையிலும் ஒரு தாளில் பல கைகள்தான். ஆனால் அங்கே மேலே ஒரு உஸ்தாத், தலைமை ஆசான், இருந்தார், இங்கே இல்லை. ஒரே பயிற்சி பெற்ற கைகள் என்பதால்தான் இந்தக் கலாட்டா ஓவியமாக நின்றது.

குரேஷியின் இன்னொரு வரிசையில் தாடியும் தொப்பியும் வைத்த ஒருவர், முகலாய இளவரசரைப்போலப் பக்கவாட்டில் நின்று சோப்புக்குமிழி ஊதுகிறார். வேறொருவரின் காலில் ராணுவச் சீருடைத் துணியின் புள்ளிகள் போட்ட சாக்ஸ். மீசை மயிர் ஒவ்வொன்றும் பழைய முறைப்படியே. பாகிஸ்தானை ஆண்ட முஷாரஃப் காலத்து ‘அறிவொளி பெற்ற மிதவாதம்’ என்ற முழக்கத்தை இதைவிட அமைதியாக யாரும் கிண்டல் செய்யவில்லை. நகலெடுக்கத் தெரியாத ஒருவர் அதைச் செய்திருந்தால் வெறும் கேலிச்சித்திரமாகப் போயிருக்கும்.

சரி, உங்கள் மகள். அவளைத் திட்டாதீர்கள். அணில்முடித் தூரிகைக்கு அலையவேண்டாம், கடையில் ஜீரோ நம்பர் பிரஷ் ஒன்றும் நல்ல தாளும் வாங்கிக் கொடுங்கள். ஜப்பானியக் கார்ட்டூன் ஒன்றும் மட்டமில்லை, அதன் கோட்டில் பெரிய பயிற்சி இருக்கிறது. படங்களை மாற்றிக்கொண்டே இருக்காமல், ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரையச் சொல்லுங்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வாயைத் திறக்காமல்.

அன்புடன்.