சாலையை இழுத்துப் போகிறவன்

அன்புள்ள ஐயா,

ஸ்வீடன் புகைப்படக்காரர் எரிக் யோஹான்சனைப் பற்றி நீங்கள் ஒரு கூட்டத்தில் பேசியதைக் கேட்டுவிட்டு அவர் படங்களைத் தேடிப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் போட்டோஷாப் தெரிந்த யாரும் ஒன்றை வெட்டி இன்னொன்றில் ஒட்டிவிடலாமே? இதைப் புகைப்படம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ச.

அன்புள்ள ச.,

2008இல் அவர் செய்த சாலைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒருவன் தார்ச்சாலையை ஜமக்காளம்போல இழுத்துக்கொண்டு போகிறான். சாலையில் துணி மடிப்புகள். நான் முதலில் பார்த்தபோது தாரின் கனம் என் கையிலேயே தெரிந்தது. நிகழவே முடியாத ஒன்றை உடம்பு ஒரு நொடி நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கையை வரவைப்பதுதான் கடினம்.

ஒருமுறை எங்கள் மொட்டைமாடிப் படத்தில் வேறோர் ஊரின் வானத்தை ஒட்டிப் பார்த்தேன். வெட்டிய விளிம்பு சுத்தமாக இருந்தும் படம் பொய்யாகவே நின்றது. மாடியில் வெயில் இடப்பக்கம், மேகத்தில் வலப்பக்கம். யோஹான்சன் 2011இல் லண்டனில் டெட் (TED) என்ற உரை நிகழ்ச்சியின் மேடையில் இதைத்தான் விளக்கினார்: சேர்க்கும் படங்களில் பார்வைக் கோணம் ஒத்துப்போக வேண்டும், வெளிச்சம் ஒத்துப்போக வேண்டும், ஒன்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியவே கூடாது.

அதனால்தான் அவர் வேண்டியதையெல்லாம் தானே போய்ப் படமெடுக்கிறார். ஏரி கண்ணாடியாக நொறுங்கும் படம் ஒன்று உண்டு. அதற்காக 17 சதுர மீட்டர் முகம்பார்க்கும் கண்ணாடியையும் ஒரு படகையும் கல்குவாரிக்குக் கொண்டுபோனார். ஆண்டுக்கு 6 முதல் 8 படங்கள்தான் முடிகின்றன என்றால் ஏன் என்று புரியும்.

1985இல் பிறந்தவர், பண்ணை வீட்டில் வளர்ந்தவர். சிறுவயதில் நிறைய வரைந்தார். 15 வயதில் டிஜிட்டல் கேமரா கிடைத்தது. பொத்தானை அழுத்தியதும் வேலை முடிந்துவிடுவது, வரைந்து பழகிய அந்தப் பையனுக்குப் போதவில்லை. அப்புறம் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் கணினிப் பொறியியல் படித்தார். வரைவதும் கணினியும் கேமராவும் அவரிடம் இப்படித்தான் ஒன்றாயின. இன்றும் ஓவியம்போல முதலில் யோசித்துவிட்டுத்தான் கேமராவை எடுக்கிறார்.

சரி, இது புகைப்படமா என்ற கேள்வி. கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே அமெரிக்காவில் ஜெர்ரி யூல்ஸ்மன் இருட்டறையில் பல என்லார்ஜர்களை, அதாவது நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழச்செய்யும் கருவிகளை, வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நெகட்டிவைப் பொருத்தி, ஒரே தாளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தி நகர்த்தி இத்தகைய படங்களைச் செய்தார். 1967இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சியே வைத்தது. யோஹான்சன் அந்த வழியில் வந்தவர் என்றே நினைக்கிறேன். கருவி மாறியிருக்கிறது, வெளிச்சத்துக்குக் காத்திருப்பது மாறவில்லை.

அந்த ஏரிப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.