நத்தை ஓட்டை வைத்துப் பழைய காலத்து மழை வெயிலைச் சொல்ல முடியுமா?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். சிப்பி, நத்தை ஓட்டின் வேதியியலை வைத்து லட்சக்கணக்கான ஆண்டுக்கு முந்தைய வெப்பநிலையைச் சொல்கிறார்களே, அது எப்படி, நம்பலாமா என்பது ஒன்று. காவேரிப்பட்டணம் பக்கம் அவர் ஊர் ஏரி வற்றும்போது கரையோரம் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடு கிடக்கிறதாம், அதிலும் இப்படிப் பார்க்க முடியுமா என்பது இன்னொன்று. நான் தர்மபுரிக்காரன், வேதியியல் படித்தவன், பெங்களூருவில் ஒரு ஆய்வகத்தில் இரண்டு வருடம் ஓட்டைத் துளைத்துத் தூள் எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்திருக்கிறேன். இப்போது பென்னாகரம் பக்கம் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். எனக்குப் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஓட்டுக்குப் போகும் முன் பல்லைப் பாருங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் இதைப் புரியவைக்க இதைவிடக் கிட்டத்து உதாரணம் எனக்குத் தெரியவில்லை. என் அக்காவுக்கு இரண்டு பையன்கள். பெரியவன் ஃபுளோரைடு அதிகமுள்ள போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவன், முன்பல் இரண்டிலும் பழுப்புக் கோடு குறுக்கே ஓடும். சின்னவன் ஒகேனக்கல் தண்ணீர் அவர்கள் தெருக்குழாய்க்கு வந்த பிறகு பிறந்தவன், பல் வெள்ளையாக இருக்கிறது. ஒரே வீடு, ஒரே களி, ஒரே குழம்பு. மாறியது தண்ணீர் மட்டும்தான். பெரியவனும் இத்தனை வருடமாக அதே குழாய்த் தண்ணீரைத்தான் குடிக்கிறான், கோடு போகவில்லை, போகவும் போகாது. ஏனென்றால் முன்பல்லின் எனாமல் சிறுவயதில் ஒரு தடவை உருவாகி முடிந்துவிடும், அந்தச் சில வருடங்களில் தண்ணீரில் எவ்வளவு ஃபுளோரைடு இருந்ததோ அது அதில் அப்படியே நின்றுவிடும். அவன் பல்லில் இருப்பது இப்போதைய தண்ணீர் இல்லை, அவன் குழந்தையாக இருந்தபோது ஓடிய தண்ணீர்.

சிப்பி ஓடும் இதே கதைதான். உள்ளே இருக்கும் உயிர் சுற்றியுள்ள தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து, விளிம்பில் ஒரு படலம், அதன்மேல் இன்னொரு படலம் என்று கட்டிக்கொண்டே போகிறது. கட்டி முடித்ததைத் திரும்பக் கரைத்துக் கட்டுவது பெரும்பாலும் இல்லை. அதனால் ஓட்டின் ஒவ்வொரு வரியும் அது உருவான நாட்களின் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. பல்லில் சில வருடம்தான் பதியும், ஓட்டில் வாழ்நாளின் பெரும்பகுதி பதியும். ஐஸ்லாந்துக் கடலில் 2006ல் எடுத்த ஒரு சிப்பியின் வரிகளை எண்ணிப் பார்த்ததில் 507 வயது வந்தது. அது பிறந்த ஆண்டு 1499. அடுத்தடுத்து எழுதிய ஐந்நூறு வருடக் குறிப்பு ஒரு கைக்குள் அடங்கும் ஓட்டில் இருந்திருக்கிறது, எனக்கு இதை இப்போது எழுதும்போதும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

சரி, அந்தக் குறிப்பை எப்படிப் படிப்பது? ஆக்சிஜன் அணு எல்லாம் ஒரே எடை இல்லை. பெரும்பாலானவை எடை 16. ஏறக்குறைய ஐந்நூறில் ஒன்று எடை 18. இரண்டும் வேதியியலில் ஒரே மாதிரி நடந்துகொள்ளும், ஆனால் முழுக்க ஒரே மாதிரி இல்லை. தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது உருவாகும் ஓட்டில் 18 கொஞ்சம் கூடுதலாக உட்காரும், வெதுவெதுப்பாக இருந்தால் அந்தக் கூடுதல் குறையும். எவ்வளவு என்று கேட்டால் ஒரு டிகிரிக்குப் பத்தாயிரத்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இதை முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஹரால்ட் யூரே. கன ஹைட்ரஜனைக் கண்டுபிடித்து 1934ல் நோபல் வாங்கியவர். இந்த வேறுபாட்டைப் பழைய வெப்பநிலையை அளக்கும் கருவியாக்கலாம் என்று அவர் எழுதியது 1947ல். கணக்கு சரியாக இருந்தாலும் அவ்வளவு சின்ன வித்தியாசத்தை அளக்கும் கருவி அப்போது கையில் இல்லை, சிகாகோவில் அவருடைய குழு அதைச் செய்து முடிக்கவே சில வருடம் ஆனது.

1951ல் அவர்கள் வெளியிட்டது எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கிடைத்த ஒரு பெலம்னைட். கணவாய்க்குத் தூரத்துச் சொந்தமான உயிர், உள்ளே தோட்டா மாதிரி கெட்டியான சுண்ணக்கல் தண்டு இருக்கும். ஜுராசிக் காலத்தது, 14 கோடி ஆண்டுக்கு மேல் பழையது. அந்தத் தண்டை வெளிவட்டத்திலிருந்து உள்ளே வட்டம் வட்டமாகச் சுரண்டி ஒவ்வொன்றையும் தனியாக அளந்தார்கள். விகிதம் ஏறி இறங்கி ஏறி இறங்கி வந்தது. குட்டிப் பருவம் போக மூன்று கோடை, நான்கு குளிர்காலம் பார்த்திருக்கிறது, நான்கு வயதளவில் வசந்தத்தில் செத்திருக்கிறது, சிறுவயதில் இருந்த தண்ணீர் பிற்காலத்தில் இருந்ததைவிட வெதுவெதுப்பு. மனிதன் என்ற ஒன்றே உலகத்தில் இல்லாத காலத்தில் ஒரு பிராணி எந்தப் பருவத்தில் செத்தது என்று நமக்குத் தெரிகிறது. பத்தாம் வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

இங்கேதான் நம்பலாமா என்ற உங்கள் கேள்வி வருகிறது. பத்திரிகையில் வருகிற மாதிரி ‘ஓடு வெப்பநிலையைச் சொன்னது’ என்று எழுதுவது பாதி உண்மை. ஓடு சொல்வது தண்ணீரைப் பற்றி. தண்ணீரின் வெப்பம், தண்ணீரிலேயே ஏற்கெனவே இருந்த 16, 18 விகிதம் இரண்டும் கலந்து ஒரே எண்ணாகத்தான் வரும். ஒரே எண்ணை வைத்து இரண்டு விடை எடுக்க முடியாது. அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று வேறு வழியில் தெரிந்தால்தான் வெப்பநிலையைப் பிரிக்கலாம்.

இந்தத் தவறு பெரிய ஆட்களுக்கே நடந்தது. 1955ல் சேசரே எமிலியானி கரீபியன் முதலான கடல்களின் அடிச்சேற்றில் இருந்த, ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர்களின் மணல் பருக்கை அளவு ஓடுகளை அளந்து, பனியுகங்களில் கடல் எப்படிக் குளிர்ந்து சூடானது என்று வரைபடம் போட்டார். அருமையான வேலை. ஆனால் அவர் வரைந்த ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதி வெப்பநிலை இல்லை, பனிக்கட்டி என்று 1967ல் நிக்கோலஸ் ஷேக்கிள்டன் காட்டினார். அவர் போட்ட வழி எளிமையானது. ஆழ்கடல் அடியில் வாழும் ஃபோராமினிஃபெராவை எடுத்துப் பார்த்தார். அங்கே தண்ணீர் இன்றைக்கே உறையும் நிலைக்குச் சற்று மேல்தான், பனியுகத்தில் இன்னும் பெரிதாகக் குளிர இடமே கிடையாது. ஆனாலும் மேல்மட்ட ஓட்டில் வந்த அதே அளவு மாற்றம் அங்கேயும் வந்தது. அப்படியானால் மாறியது கடல் நீரே. கடலிலிருந்து ஆவியாகும்போது இலேசான 16 முந்திக்கொண்டு போகும், அது நிலத்தில் பனியாகப் படிந்து திரும்பி வராமல் நின்றுவிட்டால் கடலில் 18 கூடும். சுமார் 20,000 ஆண்டுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது, அத்தனை தண்ணீரும் பனியாக நிலத்தின் மேல் இருந்தது. அதைக் கவனிக்காமல் விட்டால் நான்கு டிகிரிக்கு மேல் கணக்கு தப்பும்.

அதனால் இப்போது யாரும் ஒற்றைச் சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை. ஃபோராமினிஃபெராவில் மெக்னீசியத்தையும் கால்சியத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், தண்ணீர் சூடானால் மெக்னீசியம் கூடுதலாக ஏறும். பவளத்தில் ஸ்ட்ரோன்சியம் பார்ப்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 2006ல் வந்த முறை. ஒரே கார்பனேட்டுக்குள் கனமான கார்பனும் கனமான ஆக்சிஜனும் எத்தனை இடத்தில் ஜோடி சேர்ந்திருக்கின்றன என்று எண்ணுவது. குளிரில் ஜோடி கூடும், வெப்பத்தில் குறையும், தண்ணீரின் விகிதம் என்னவாக இருந்தாலும் அதைப் பற்றிக் கவலை இல்லை. வெப்பநிலை தனியாகக் கிடைத்துவிட்டால் பழைய எண்ணிலிருந்து அதைக் கழித்துத் தண்ணீரையும் தனியாக எடுக்கலாம். அமெரிக்காவில் கால்டெக்கில் ஜான் ஐலர் குழுவில் இதைச் செய்து காட்டிய கட்டுரையின் முதல் ஆசிரியர் புரசெஞ்சித் கோஷ். அவர் பிறகு வந்தது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடுகிற தூரம், நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் ஒரு விஷயம், இது நான் பட்டது. நத்தை ஓடு பெரும்பாலும் அரகோனைட் என்ற வகைக் கால்சியம் கார்பனேட். அது உறுதியான நிலை இல்லை, சூடுபட்டாலோ, பல காலம் மண்ணில் ஈரத்தில் கிடந்தாலோ கால்சைட்டாக மாறிவிடும், மாறும்போது பழைய ஆக்சிஜன் போய்ப் புது ஆக்சிஜன் வந்து உட்காரலாம். ஆய்வகத்தில் எங்கள் கருவி பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரியான சின்ன டிரில். ஓட்டைப் பிசினில் பதித்து, குறுக்கே அறுத்து, மெருகேற்றி, லென்ஸுக்கு அடியில் வைத்தால் வரிகள் தெரியும், அகலமானது ஒன்று, நெருக்கமாக நாலைந்து, நடுவில் கறுத்த கோடு ஒன்று. வரியை ஒட்டியே நகர்த்தி, மாவு மாதிரி தூள், கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, அதைத் துடைத்துக் குப்பியில் போட வேண்டும். பாஸ்பாரிக் அமிலம் விட்டால் கார்பன் டை ஆக்சைடு வரும், அதை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எடை போடும். நான் சேர்ந்த புதிதில் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று டிரில்லை வேகமாக ஓட்டினேன். ஒரு மாதத் தூளும் வரவேண்டியதைவிட இலேசாகக் காட்டியது. எக்ஸ்-ரேயில் வைத்துப் பார்த்தபோதுதான் தூளில் கால்சைட் கலந்திருப்பது தெரிந்தது, டிரில் உராய்வே அதை மாற்றியிருக்கிறது. மொத்தமும் திரும்ப எடுத்தோம். அன்றிலிருந்து எந்த ஆய்வைப் படித்தாலும் ஓடு மாறாமல் இருக்கிறதா என்று சோதித்தார்களா என்பதைத்தான் முதலில் தேடுகிறேன். பெலம்னைட் அத்தனை கோடி ஆண்டு தாங்கியதற்கு அது முதலிலிருந்தே கால்சைட்டாக இருந்தது ஒரு முக்கியக் காரணம்.

இனி உங்கள் ஏரி. வெப்பநிலைக்காகத் தேடினால் ஏமாற்றம்தான். நம்மூரில் ஏரித் தண்ணீர் வெப்பத்தில் மாறுவது கொஞ்சம், தண்ணீரின் தன்மை மாறுவது அதிகம். பெருமழை பெய்தால் அந்த மழைநீரில் பொதுவாக 16 கூடுதலாக இருக்கும், ஏரி நிரம்பியதும் ஓட்டின் எண் சரியும். மாசி பங்குனியில் ஏரி சுண்டச் சுண்ட இலேசானது ஆவியாகிப் போய் 18 மிஞ்சும், எண் ஏறும். ஆகவே நம் நத்தை வெப்பமானி இல்லை, மழைமானி. மழைக் கணக்கு எழுதி வைக்காத காலத்து ஓடு கிடைத்தால் எந்த வருடம் ஏரி நிரம்பியது, எந்த வருடம் சுண்டியது என்று பார்க்க அது போதும், நம் வறண்ட மாவட்டங்களுக்கு வெப்பநிலையைவிட அதுதான் தேவை என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று. ஏரி முழுக்க வற்றினால் நத்தை சேற்றுக்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொண்டு மழை வரும்வரை தூங்கும். அந்த மாதங்களில் ஓடு வளராது. அந்தக் கறுத்த கோடு அதுதான். கொடிய வறட்சி எத்தனை மாதம் நீண்டது என்பதை ஓடு சொல்லாது, அது நின்ற இடத்தை மட்டும் காட்டும்.

தரையில் வாழும் நத்தை ஓட்டில் கார்பனையும் பார்க்கலாம். ராகி, சோளம், கம்பு, சாமை எல்லாம் ஒரு விதமாகக் கார்பனை எடுக்கும் பயிர்கள், நெல்லும் மாமரமும் அவரையும் வேறு விதம். இரண்டு வகைச் செடியிலும் கன கார்பனின் அளவு நன்றாகவே வேறுபடும், அதைத் தின்ற நத்தையின் ஓட்டிலும் அது இறங்கும். ராகிக் கொல்லை நத்தையையும் மாந்தோப்பு நத்தையையும் பிரித்துச் சொல்லிவிடலாம். சுண்ணாம்பு மண்ணைத் தின்றிருந்தால் குழம்பும், அதனால் சுக்கான் கல் கிடக்கிற நிலத்தில் எடுத்த ஓட்டைப் பார்த்து அவசரப்பட்டு எதுவும் சொல்லக் கூடாது.

உண்மையாகவே செய்து பார்க்க ஆசை இருந்தால் கரையில் வெயிலில் கிடந்து வெளுத்த ஓட்டை எடுக்காதீர்கள், அது எந்த வருடத்தது என்றே தெரியாது. ஏரி நிறைந்திருக்கும்போது உயிரோடு இருக்கும் நத்தை நாலைந்து போதும். ஓட்டைக் கொதிக்க வைக்க வேண்டாம், பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட வேண்டாம், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து நிழலில் காயவைத்து, தேதியும் எடுத்த இடமும் எழுதி வையுங்கள். அதே நாள் அதே இடத்தில் ஏரித் தண்ணீரையும் ஒரு சின்ன பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் மூடி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். மூடி தளர்ந்து கொஞ்சம் ஆவியானால்கூட அது உங்கள் ஏரித் தண்ணீர் இல்லை. மாதம் ஒரு பாட்டில், ஒரு வருடத்துக்கு. அந்தப் பன்னிரண்டு பாட்டில் கையில் இருந்தால் எழுதுங்கள், ஓட்டை எங்கே கொண்டுபோய்க் காட்டலாம் என்று நான் விசாரித்துச் சொல்கிறேன்.