பழைய பெயரில் ஒரு பட்டம்

அன்புள்ள ஐயா,

எனக்கு நாற்பத்தேழு வயது. கடலூர் பெரியார் கலைக் கல்லூரியில் 1998-இல் பி.எஸ்சி. கணிதம் முடித்தேன். பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்துடையது. 2001-இல் டோயாக் அமைப்பின் ‘ஓ’ லெவல் கணினித் தேர்வு தேறினேன். தட்டச்சில் ஆங்கிலம் ஹையர். திருமணத்துக்குப் பின் வேலைக்குப் போகவில்லை. இப்போது புதுச்சேரியில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகப் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். மகன்தான் பயோடேட்டா தயாரித்துத் தந்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தை எடுத்துவிட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று போட்டிருக்கிறான். “உன் கல்லூரி இப்போது அதன் கீழ்தானே இருக்கிறது?” என்கிறான். டோயாக்கை நைலிட் ஆக்கிவிட்டான். பழைய பெயர்களைப் பார்த்தால் ஆளும் பழசு என்று ஒதுக்கிவிடுவார்களாம். இது சரியா? 2000-இல் பாண்டிச்சேரி இன்ஜினியரிங் காலேஜில் பி.டெக். முடித்த என் தம்பிக்கும் இதே குழப்பம்.

கடலூர் வாசகி

அன்புள்ள சகோதரி,

மகன் அம்மாவுக்கு நல்லது செய்யத்தான் நினைத்திருக்கிறான். ஆனாலும் அந்தத் தாளை அனுப்பிவிடாதீர்கள்.

வேலை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பட்டத்தின் உண்மைத்தன்மை கேட்டுப் பள்ளி கடிதம் எழுதுகிறது. எங்கே எழுதும்? பயோடேட்டாவில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு. கடிதம் சிதம்பரம் போகிறது. 1998-இல் நீங்கள் எழுதிய தேர்வுக்கு அங்கே பதிவேடு ஏது? உங்கள் பதிவெண் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அல்லவா இருக்கிறது! “எங்கள் பதிவேட்டில் இல்லை” என்று பதில் வந்தால், கஷ்டப்பட்டுப் படித்து வாங்கிய அசல் பட்டம் ஒரே நாளில் போலிப் பட்டம் போல ஆகிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் அசலை எடுத்துக் காட்டினாலும், பார்ப்பவர் கண்ணில் சந்தேகம் ஏறியிருக்கும்.

உங்கள் கல்லூரி தேவனாம்பட்டினத்தில் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. மேலே இருக்கும் பல்கலைக்கழகம்தான் மாறிக்கொண்டே வந்தது. நீங்கள் படித்தபோது சென்னை. 2002-இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவானதும் நம் பக்கத்துக் கல்லூரிகள் அதன் கீழ் போயின. இப்போது அண்ணாமலை. இந்த மாற்றம் எதுவும் உங்கள் பட்டத்தைத் தொடாது. பட்டம் கொடுத்த கை எதுவோ, அதன் பெயரைத்தான் எழுத வேண்டும். இப்படி எழுதுங்கள்: பி.எஸ்சி. கணிதம், சென்னைப் பல்கலைக்கழகம், 1998; அடைப்புக்குறிக்குள், பெரியார் கலைக் கல்லூரி, கடலூர்.

டோயாக் விஷயம் வேறு. அங்கே அமைப்பு அதேதான், 2011-இல் பெயர் மட்டும் நைலிட் என்று மாறியது. எனவே டோயாக் ‘ஓ’ லெவல், 2001 என்று முதலில் எழுதிவிட்டு, பக்கத்தில் ‘தற்போது நைலிட்’ என்று சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்கவும் வேண்டும். விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்க்கும் இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு டோயாக் என்றால் ஏதோ தைல மருந்தின் பெயர் போலத் தோன்றலாம். பழைய பெயர் முன்னால், புதிய பெயர் பின்னால். மகன் இந்த இரண்டில் ஒன்றை அழித்ததுதான் தவறு.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். 1977-இல் பி.யு.சி., அதாவது கல்லூரிப் புகுமுக வகுப்பு, தேறியவன் நான். நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு வேலைக்காக மஞ்சக்குப்பத்தில் ஒரு டைப்பிங் கடையில் பயோடேட்டா அடிக்கக் கொடுத்தேன். அடித்த பையன் பி.யு.சி. என்பதை என் கைப்பிழை என்று எண்ணி ‘பிளஸ் டூ’ என்று திருத்திவிட்டான். நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். நேர்காணலில் இருந்த அதிகாரி என் தாளையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாக ஸ்கேலை நகர்த்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் ஸ்கேல் நின்றது. “1977-இல் பிளஸ் டூவா?” என்று கேட்டார். தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்ததே 1978-இல்தான். பிறக்காத பிள்ளைக்குப் பெயர் சூட்டிய கதை. அன்று நான் சொன்ன விளக்கம் எனக்கே நம்பும்படியாக இல்லை.

பி.யு.சி.யும் பிளஸ் டூவும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அண்ணன்மார் யாருக்காவது பயன்படும். அன்று எஸ்.எஸ்.எல்.சி. பதினோராம் வகுப்பில் முடியும். அதன் மேல் கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி.; பிறகு மூன்றாண்டுப் பட்டப்படிப்பு. இன்று பத்து, அதன் மேல் இரண்டு, அதன் மேல் மூன்று. எப்படிக் கூட்டினாலும் பதினைந்துதான். ஆண்டுக்கணக்கு ஒன்றாக இருப்பதால் பெயரை மாற்றி எழுதலாம் என்று ஆகாது. பி.யு.சி. பெயர் மாறிய படிப்பு அல்ல, நின்றுபோன படிப்பு. ‘பி.யு.சி., பதினோராண்டு பள்ளிப் படிப்புக்குப் பின் ஓராண்டு’ என்று விளக்கி எழுதலாம். ‘பிளஸ் டூவுக்குச் சமம்’ என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொள்ளக் கூடாது. சமம் என்று சொல்வதற்கு அரசாணையோ பல்கலைக்கழகக் கடிதமோ வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் பக்கலோரேயா என்னும் பள்ளி இறுதித் தேர்வு முடித்தவர்கள் உண்டு; வெளிநாட்டுப் படிப்புக்கு அப்படிச் சான்று தரத் தில்லியில் தனி அமைப்பு இருக்கிறது. இணைய விண்ணப்பங்களில் கட்டம் கட்டி ‘பன்னிரண்டாம் வகுப்பு அல்லது சமமானது’ என்று மட்டும் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், வேறு வழியில்லை. ஆனால் குறிப்பு எழுத இடம் இருந்தால் அங்கே உண்மைப் பெயரை எழுதிவிடுங்கள்.

தம்பிக்கு: அவர் படித்த கல்லூரி 2020-இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. அவருக்குப் பட்டம் கொடுத்தது பாண்டிச்சேரி பல்கலைக்கழகம். அதையும் கல்லூரியின் அன்றைய பெயரையும் எழுதி, ‘தற்போது’ என்று போட்டுப் புதிய பெயரைச் சேர்க்கட்டும். இன்னொன்று. ஊரின் பெயர் ஆங்கிலத்தில் 2006-இல் புதுச்சேரி ஆனது. பல்கலைக்கழகத்தின் பெயர் ஆங்கிலத்தில் இன்றும் பாண்டிச்சேரிதான். அவராகத் திருத்திவிட வேண்டாம். உங்கள் பத்தாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழில் மாவட்டம் தென்னாற்காடு என்று இருந்தாலும் கவலைப்படாதீர்கள். மாவட்டம் பிரிந்ததே 1993 செப்டம்பர் கடைசியில்தானே.

ஆண்டுகளை எடுத்துவிடலாமா என்றும் மகன் கேட்பான். வேண்டாம். ஆண்டு இல்லாத பட்டத்தைப் பார்த்தால் வயதைத்தான் முதலில் கணக்குப் போடுவார்கள்.

கடைசியாக, தட்டச்சு. ஊரில் நாம் ஹையர் என்போம். சான்றிதழை எடுத்து, அதில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பார்த்து அந்தச் சொல்லையே எழுதுங்கள். பள்ளி அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கும்போது இதைத் தாளின் அடியில் ஏன் போட்டு வைத்திருக்கிறான் உங்கள் மகன்? மேலே கொண்டுவாருங்கள்.