ரேடியேற்றர் ஃபான் பிந்திச் சுற்றுகிறது, மோட்டரை மாற்றவா?

ஓடும்போது பிரச்சினை இல்லை, நெரிசலில் நின்றால் வெப்பம் காட்டும் ஊசி சிவப்புக்குக் கிட்டப் போன பிறகுதான் ஃபான் சுற்றுகிறது, மோட்டரை மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுங்கள். பிந்தியாவது ஒழுங்காகச் சுற்றுகிறது என்றால் மோட்டரிலும் பியூசிலும் பெரும்பாலும் குற்றமில்லை. அதைச் சுற்றச் சொல்ல வேண்டியதுதான் பிந்துகிறது.

என் பழைய டொயோட்டா கொரோலாவிலும் இதே கதை. கண்டி வீதியில் கொடிகாமம் வரை ஓடினாலும் ஊசி அசையாது, காற்றே ரேடியேற்றரைக் குளிர்த்திவிடும். கோண்டாவில் ரயில் கடவையில் கொஞ்ச நேரம் நின்றால் ஏறத் தொடங்கும். ஒரு கராச்சில், "ஃபானுக்கு நேரே ஒரு சுவிச் போட்டுத் தாறன், நீங்களே போட்டு நிப்பாட்டுங்கோ" என்றார்கள். நான் மறதிக்காரன். ஒரு நாள் போட மறந்தால் எஞ்சின் கொதித்து, அதன் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கிற அடைப்பான ஹெட் கஸ்கற் போய்விடும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

தண்ணீரின் சூட்டைப் பார்த்து ஃபானைச் சுற்றச் சொல்வது வெப்பச் சுவிச். பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் அதன் வயரைக் கழற்றினாலே ஃபான் சுற்றும். வேறு பல கார்களில் இரண்டு வயரையும் இணைத்தால்தான் சுற்றும். எனக்குக் கழற்றியதும் சுற்றியது. ஆகவே ஃபானுக்கு மின்சாரம் விடுகிற ரிலேயும் சரி. எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு சுவிச்சைக் கழற்றினேன். நுனி முழுக்க வெள்ளைக் கட்டி! எங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் படிகிற அதே சுண்ணாம்பு. வருடக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றியிருக்கிறேன். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் நிலம், அந்தத் தண்ணீர் வேறென்ன செய்யும்?

ஒரு சட்டித் தண்ணீரில் சுவிச்சின் நுனியை மட்டும் அமிழ்த்தி, வெப்பமானியும், சுவிச் மாறுவதைப் பார்க்க மல்டிமீற்றரும் வைத்துச் சூடாக்கினேன். 93 பாகைக்குக் கிட்ட மாற வேண்டிய சுவிச், தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் மாறியது. மனைவிக்கு அந்தச் சட்டி போன கவலை இன்னும் தீரவில்லை.

சுவிச்சை வாங்க முதல் இரண்டு விஷயம் பாருங்கள். பழைய கார்களில் ஊசிக்கு ஒரு சென்சரும் ஃபானுக்கு வேறொரு சுவிச்சும் இருக்கும், ஆகவே ஊசியே பொய் சொல்லலாம். அடுத்தது, எஞ்சின் கொதிக்கும்போது ரேடியேற்றரின் கீழ்க் குழாய் குளிர்ந்தே இருந்தால், சூடேறியதும் தண்ணீரை ரேடியேற்றருக்கு விடுகிற தெர்மோஸ்டற் திறக்கவில்லை, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது. சுடுதண்ணீர் வந்து சேராவிட்டால் புதுச் சுவிச்சும் பிந்தித்தான் வேலை செய்யும். புதிய கார் என்றால் சுவிச் இருக்காது, சென்சரைப் பார்த்து கணினிதான் ஃபானைப் போடும். அதற்கு ஸ்கேனர் உள்ள இடத்துக்கே போங்கள்.

சூட்டோடு ரேடியேற்றர் மூடியைத் திறக்காதீர்கள். பல கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபான் திடீரென்று சுற்றும், பற்றறி வயரைக் கழற்றிவிட்டுக் கை வையுங்கள். நான் புதுச் சுவிச் போட்டு, ரேடியேற்றரைக் கழுவி, கூலன்றும் காய்ச்சி வடித்த நீரும் கலந்து ஊற்றினேன். இப்போது கடவையில் ஊசி பாதிக்கு மேலே போவதில்லை.