இம்ப்ரெஷனிச நிலக்காட்சி ஓவியம் ஒன்றின் பாணிக்கும் வண்ணத்துக்கும் எப்படிப் பொருள் சொல்வது?

நீங்கள் மாணவராகத்தான் இருக்க வேண்டும். ஒரு நிலக்காட்சி ஓவியத்தைக் கொடுத்து, "பாணி, வண்ணம், பொருள் பற்றி எழுது" என்று சொல்லியிருப்பார்கள். நீங்களும் தேடிப் பார்த்து, "நீலம் என்றால் சோகம், மஞ்சள் என்றால் நம்பிக்கை" என்று நாலு வரி எடுத்து வைத்திருப்பீர்கள். தயவுசெய்து அந்த நாலு வரியையும் அழித்துவிடுங்கள். அதே வரிகளை வைத்துக்கொண்டு இரண்டு வருடத்துக்கு முன் என் மகள் எங்கள் சமையலறை மேசையில் அழுதுகொண்டிருந்தாள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கலை வரலாறு படித்தவன் இல்லை. பாரிஸ் புறநகரில் பத்தொன்பது வருடமாக வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிறேன். சுவருக்கு அடிக்கிறவனுக்கு, அந்தந்த நேரத்து வெளிச்சத்தை வரைந்த பிரெஞ்சு இம்ப்ரெஷனிச ஓவியர் மொனேயைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். பத்தொன்பது வருடம் வெள்ளையோடு கிடந்தவன் வெள்ளையைப் பற்றிக் கதைக்கலாம் என்பதுதான் அவர்களுக்கு என் பதில்.

மகளுக்கு அது ப்ரெவே பரீட்சை வருடம், பதினைந்து வயதளவில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் எழுதுகிற பரீட்சை அது. வாய்மொழித் தேர்வில் ஐந்து நிமிடம் பேச வேண்டும், அதன்பிறகு பத்து நிமிடம் கேள்வி கேட்பார்கள். அவள் எடுத்தது க்ளோத் மொனேயின் 'மேக்பை'. 1868-69 குளிர்காலத்தில் நோர்மண்டிக் கரையில் எத்ரெத்தாவுக்குப் பக்கத்தில் வரைந்த படம். பனி மூடிய நிலம், குறுக்கே பின்னிக் கட்டிய வேலி, இடது பக்கம் ஒரு படலை (வேலிக் கதவு), அதன் மேல் தனியாக ஒரு மேக்பை. காகத்தின் சொந்தக்காரப் பறவை அது, கறுப்பும் வெள்ளையும், நீண்ட வால். வேலிக்குப் பின்னால் மரங்களும் ஒரு வீடும். ஆள் ஒருவரும் இல்லை.

அவள் எழுதிக்கொண்டு போனது இதுதான்: பறவை கலைஞனின் தனிமை, பனி மரணம், நீலம் சோகம். ஆசிரியை பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஒரே கேள்வி எழுதியிருந்தார்: "இது படத்தில் எங்கே தெரிகிறது?" அதற்குத்தான் அழுகை.

அந்தப் படம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முன்பு ரயில் நிலையமாக இருந்த கட்டடம் அது. அங்கே மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் எந்த நாளும் இலவசம். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஐஃபல் கோபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம், ஆனால் இந்தப் பிள்ளைகளை ஆற்றங்கரையில் இருக்கிற இந்தப் பழைய ரயில் நிலையத்துக்குள் ஒருநாள் கூட்டிப்போக எங்களுக்கு நேரம் இல்லை. அது வேறு கதை. நானும் அன்றுதான் முதல் தடவை உள்ளே போனேன்.

படம் 89 சென்ரிமீற்றர் உயரம், 130 சென்ரிமீற்றர் அகலம். மகள் கிட்டப் போய்க் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, இதில வெள்ளையே இல்லை."

உண்மைதான். வெயில் பட்ட பனி பாலாடை நிறம், சில இடத்தில் லேசான மஞ்சள், லேசான ரோஸ். வேலியின் நிழல் எங்களை நோக்கி நீலமாக நீண்டு கிடக்கிறது, அங்கங்கே ஊதாவும் கலந்திருக்கிறது. வெள்ளைப் பனி என்று மனது சொல்லுகிறது, கண் வேறு ஏதோ பார்க்கிறது. நான் உடனே சொன்னேன்: "இருக்காதம்மா. வெள்ளை எங்கேயுமே வெள்ளையாக இருக்காது. எனக்கு அது தெரியும்."

எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். சில வருடத்துக்கு முன் ஒரு வீட்டில் வடக்குப் பார்த்த அறை. வெயில் உள்ளே வராது, ஜன்னலில் வானம் மட்டும்தான். வீட்டுக்கார மதாம் கடையில் விளக்கு வெளிச்சத்தில் அட்டையைப் பார்த்து ஒரு வெள்ளை தெரிவு செய்திருந்தார். பட்டி வைத்து, தேய்த்து, இரண்டு கோட் அடித்து முடித்தேன். அடுத்த நாள் காலையில் அவர், "நான் வெள்ளை கேட்டேன், நீ நீலம் அடித்திருக்கிறாய்" என்றார். கீழே தேன் நிறத்தில் மரத்தரை. அதற்குப் பக்கத்தில் சுவர் நீலமாகத்தான் தெரிந்தது, அவர் சொன்னது பொய் இல்லை.

நான் அதே வாளியிலிருந்து ஒரு மட்டைத் துண்டில் அடித்து, காயவிட்டு, அவர் கையில் கொடுத்தேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன், நீலம். சமையலறை பல்பின் கீழே கொண்டுபோகச் சொன்னேன், வெண்ணெய் நிறம். அவர் இரண்டு தரம் போய் வந்தார். அவருக்கு விளங்கிவிட்டது. என் முதலாளிக்குத்தான் விளங்கவில்லை. கலவையில் பிழை விட்டுவிட்டேன் என்று இரண்டு நாள் சம்பளத்தை வெட்டினார். எங்கள் ஊர்க்காரர்தான், பெயர் வேண்டாம். கூட வேலை செய்த இரண்டு பொடியன்களுக்கும் இப்படித்தான், எழுத்தில் ஒன்றும் இருக்காது, கேட்டால் "பிறகு பார்ப்போம்". புதிதாக வந்து வேலை தேடுகிற பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், மணித்தியாலக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

சரி, படத்துக்கு வருகிறேன். பனியில் நிழல் விழுந்த இடத்துக்கு நேர் வெயில் போகாது, வானத்தின் நீல வெளிச்சம் மட்டும்தான் போகும். பனி அதை அப்படியே திருப்பித் தருகிறது. பக்கத்தில் மஞ்சள் வெயில் இருப்பதால் கண் அந்த நீலத்தை இன்னும் கூட்டிக் காட்டும். இதை முறையாக எழுதி வைத்தவர் ஷெவ்ரோல் என்ற வேதியியல் அறிஞர். பாரிஸில் கோபலன் நெசவுச்சாலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று முறைப்பாடு வந்ததாம். சாயத்தில் ஒரு குறையும் இல்லை, கறுப்புக்குப் பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் அதை மங்கலாகக் காட்டின என்று கண்டுபிடித்து 1839இல் புத்தகமாகப் போட்டார். இதை வாசித்தபோது எனக்கு என் மட்டைத் துண்டுதான் ஞாபகம் வந்தது. என் பக்கம் நியாயம் இருந்தது என்று ஒரு விஞ்ஞானி எனக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்.

ஆகவே 'மேக்பை'யின் நீலம் சோகம் இல்லை. வெயில் எந்தப் பக்கம் இருக்கிறது, எவ்வளவு தாழ்ந்து இருக்கிறது என்பதை அது சொல்லுகிறது. நிழல்கள் எங்களை நோக்கி வருகின்றன என்றால் வெயில் படத்துக்குள், மரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அந்த நிழல் இடம் மாறிவிடும். பறவையும் பறந்துவிடும். படலையில் அந்தக் கறுப்பு இருப்பதால்தான் சுற்றி உள்ள பனி இவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது. விரலால் பறவையை மறைத்துப் பாருங்கள், படமே மங்கிவிடும். பொருள் என்று நான் நினைப்பது இந்த வேலையைத்தான்.

பாணியும் இதிலிருந்துதான் வருகிறது. ஓடிக்கொண்டிருக்கிற வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டியவன் தூரிகைத் தடத்தை மினுக்கி அழித்துக்கொண்டிருக்க மாட்டான். வேலியின் மேல் உள்ள பனி தடிப்பாக வைத்தது வைத்தபடி இருக்கிறது. இதை அந்தக் காலத்து ஆட்கள் அரைகுறை வேலை என்றார்கள். சலோன் என்பது பாரிஸில் நடந்த அரச ஓவியக் கண்காட்சி. 1869 சலோனின் நடுவர்கள் 'மேக்பை'யை ஏற்கவில்லை. கலைப்பள்ளிச் சமையல்காரர்கள் காய்ச்சிய தார்க் குழம்பு போன்ற இருண்ட வண்ணங்களுக்குப் பழகியவர்களுக்கு இந்த வெளிறிய படம் அதிர்ச்சியாக இருந்தது என்ற கருத்தில் ஃபெனெயோன் என்ற விமர்சகர் பின்னர் எழுதினார். இம்ப்ரெஷனிசம் என்ற பெயரே அப்போது இல்லை, அது 1874இல் கேலியாக வந்த பெயர்.

தனிமைக்கும் ஒரு பதில் இருக்கிறது. 1868 கோடையில் மொனே காசில்லாமல் நொந்துபோய் இருந்தது உண்மை. ஆனால் குளிர்காலத்துக்குள் கோதிபேர் என்ற வணிகர் உதவி செய்து, எத்ரெத்தாவில் துணைவி கமீயோடும் ஒரு வயது மகனோடும் வாடகை வீட்டில் இருந்தார். அங்கிருந்து நண்பர் பசீலுக்கு எழுதிய கடிதத்தில், பின்னேரம் வீட்டுக்கு வந்தால் அடுப்பில் நெருப்பும் தன் சின்னக் குடும்பமும் இருக்கிறது, சந்தோஷமாக இருக்கிறேன் என்கிறார். இருபத்தெட்டு வயதுக்காரன், வயிறு நிறைந்து, வெளியே போய்ப் பனியைப் பார்த்திருக்கிறான். அதைத் தனிமை, மரணம் என்று எழுதுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

குறியீடே கிடையாது என்று நான் சொல்லவில்லை, படித்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பழைய தேவாலய ஓவியங்களில் லில்லிப் பூ தூய்மைக்கு அடையாளம் என்று எல்லோருக்கும் தெரியும். மொனே அந்த அகராதியை வைத்துக்கொண்டு பனிக்குள் போனவர் இல்லை, அவ்வளவுதான்.

மகள் தனிமை, மரணம், சோகம் என்ற மூன்றையும் தூக்கி எறிந்துவிட்டு, நிழலைப் பற்றி மட்டும் ஐந்து நிமிடம் பேசினாள். என் மட்டைத் துண்டையும் கொண்டுபோய் ஜன்னலிலும் விளக்கின் கீழும் பிடித்துக் காட்டினாளாம்.

உங்களுக்குக் கொடுத்த ஓவியம் எது என்று கேள்வியில் இல்லை. எதுவாக இருந்தாலும், வெயில் எந்தப் பக்கம், நிழலுக்கு என்ன நிறம், அங்கே மணி எத்தனை இருக்கும் என்று பார்த்து முதலில் அதை எழுதுங்கள். எந்தப் படம் என்று சொன்னால் நானும் பார்த்துவிட்டு வருகிறேன்.