அடிக்கடிப் பயணம் போகிறவர்களுக்கு ஹார்டு ஷெல் கேபின் பெட்டி எத்தனை வருடம் உழைக்கும்?

கேள்வி கேட்டவர் மாதம் மூன்று நான்கு தடவை வெளியூர் போகிறவராம். பன்னிரண்டாயிரம் கொடுத்து, விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகிற அளவில், பாலிகார்பனேட் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் ஓடு போட்ட பெட்டி வாங்கினால் ஓடு உடையாமல் எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டிருக்கிறார்.

ஓடு உடையாது. அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். பெட்டியை முதலில் கைவிடுவது சக்கரம், அடுத்தது கைப்பிடி, அப்புறம் ஜிப்.

நான் கப்பலூர் சிட்கோவில் ரப்பர் உதிரிபாகம் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் விற்பனையைப் பார்க்கிறேன். மாதத்துக்கு மூன்று பயணமாவது இருக்கும். சென்னை என்றால் பாண்டியன் எக்ஸ்பிரஸ், வடக்கே என்றால் விமானம். 2018 தீபாவளித் தள்ளுபடியில் 6,400 ரூபாய்க்கு ஒரு 20 அங்குலப் பெட்டி வாங்கினேன். இன்னமும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டில் கீறல்கள் நிறைய, ஒரு மூலையில் சின்ன நசுங்கல், அவ்வளவுதான். சக்கரம் மட்டும் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. கைப்பிடி ஒரு தடவை, ஜிப் ரன்னர் ஒரு தடவை.

கடையில் வரிசையாக நிற்கிற பெட்டிகள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் பிளாஸ்டிக் வேறு வேறு. ஏ.பி.எஸ் விறைப்பானது, விலை குறைவு. ஓங்கி அடி விழுந்தால் அந்த இடம் வெளுத்து, பிறகு விரிசல் விடும். பாலிகார்பனேட் வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்ப நிமிரும். பாலிபுரொப்பிலீனும் வளையும், எடையும் குறைவு. ஏ.பி.எஸ்ஸும் பாலிகார்பனேட்டும் கலந்து செய்வதும் உண்டு. விற்பவர் எல்லாவற்றையும் ‘பாலிகார்பனேட் சார்’ என்றுதான் சொல்வார், உள்ளே இருக்கிற லேபிளைப் பார்த்துவிடுங்கள். உள்ளங்கையால் நடுப்பகுதியை நன்றாக அமுக்கினால் குழிந்து, கையை எடுத்ததும் டப்பென்று எழுந்துவர வேண்டும். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

பாலிகார்பனேட்டுக்கு ஒரு எதிரி உண்டு. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். விமானத்தில் ஒட்டிய ஸ்டிக்கரின் பசை போகவில்லை என்று வீட்டில் பெயிண்ட் அடித்து மீந்திருந்த தின்னரைத் துணியில் தொட்டுத் துடைத்தேன். பசை போய்விட்டது. கூடவே அந்த இடத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள் விழுந்துவிட்டன. ரப்பர், பிளாஸ்டிக் என்று பேசியே பிழைக்கிறவன் செய்கிற வேலையா இது! தின்னர், அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் எதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து நகத்தால் சுரண்டினால் போதும். வெயிலும் நல்லதல்ல. மே மாதம் மதுரையில் பூட்டிய காருக்குள் நாள் முழுக்கப் பெட்டியைப் போட்டுவைக்காதீர்கள்.

சரி, சக்கரத்துக்கு வருகிறேன். அது என் தொழிலுக்குப் பக்கத்து விஷயம், கொஞ்சம் நீளும்.

விமான நிலையத்தின் வழவழப்பான தரையில் எந்தச் சக்கரமும் வெண்ணெய் மாதிரி ஓடும். கடையில் உருட்டிப் பார்க்கிற தரையும் அப்படித்தான். என் பெட்டி ஓடுகிற தரை வேறு. பாண்டியனில் வந்து இறங்கினால் மதுரை ஜங்ஷனிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு வரை ஆட்டோ பிடிக்காமல் உருட்டிக்கொண்டே போய் திருநகர் பஸ் ஏறுவது என் வழக்கம். வழியில் பேவர் பிளாக் இடுக்கு, சாக்கடை மூடி, ஜல்லி எல்லாம் உண்டு. நான்கு பக்கமும் சுழல்கிற குட்டிச் சக்கரம் இடுக்கில் மாட்டும்போது நாம் நிற்காமல் இழுப்போம். அந்த இழுப்பு முழுக்கச் சக்கரத்தைத் தாங்குகிற சுழல் ஊசியில்தான் விழுகிறது. நூறு தடவை தாங்கும், நூற்றியோராவது தடவை ஊசி வளையும், பிறகு சக்கரம் ஒருபக்கமாகச் சாய்ந்தே ஓடி ஒரு ஓரம் மட்டும் தேயும். எனக்கு முதல் சக்கரம் எழும்பூரில் விடியற்காலையில் கழன்றது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறினேன்.

1987இல் ராபர்ட் பிளாத் என்கிற அமெரிக்க விமானி, பெட்டியை நிமிர்த்தி அடியில் இரண்டு சக்கரமும் மேலே நீளும் கைப்பிடியும் வைத்தார். அந்த இரட்டைச் சக்கர அமைப்புதான் நம் ஊர் ரோட்டுக்குச் சரி என்பது என் கருத்து. சக்கரம் பாதி பெட்டிக்குள் புதைந்திருக்கும், சுழலாது, அதனால் ஒடிய இடம் குறைவு. ஆனால் ஹார்டு ஷெல்லில் இப்போது அது கிடைப்பது அரிதாகிவிட்டது. நான்கு சக்கரம்தான் கிடைக்கிறது என்றால், இருப்பதில் பெரிய சக்கரமாகப் பாருங்கள்.

ஓடாத சக்கரமும் கெடும். இது பலருக்குத் தெரிவதில்லை. சக்கரத்தின் மேல் சத்தம் வராமல் இருக்க மெத்தென்று ஒரு பூச்சு இருக்கும். நிறையப் பெட்டிகளில் அது பாலியூரித்தேன். அதில் ஒரு வகை காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் குடித்து உள்ளுக்குள்ளேயே சிதையும். என் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த நல்ல பெட்டி, கொரோனா சமயம் இரண்டு வருடத்துக்கு மேல் பரணில் கிடந்தது. 2022இல் இறக்கி, கூடத்தைத் தாண்டுவதற்குள் நான்கு சக்கரமும் கேழ்வரகுப் புட்டு மாதிரி உதிர்ந்துவிட்டன. ஓடு மட்டும் புத்தம் புதுசு. ‘என்ன மாப்ள, சீனா மாலா?’ என்றார். அது எந்த நாட்டு மாலாக இருந்தாலும் நடக்கும். அதனால் தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று இரண்டு பெட்டி வாங்கி ஒன்றைப் பரணில் வைக்காதீர்கள்.

சக்கரம் போனது குற்றமில்லை, அது தேய்வதற்கென்றே இருப்பது. மாற்ற முடிகிறதா என்பதுதான் பெட்டியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் பேக் ரிப்பேர் செய்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். உள் துணியின் ஜிப்பைத் திறந்து காட்டி, ‘அண்ணே, ரிவெட்டு அடிச்சு விட்ருக்கான். ஸ்க்ரூவா இருந்தா நீங்களே வீட்ல மாத்திப்பீங்க, என்கிட்ட வரவே மாட்டீங்க’ என்றார். ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு போல்ட் போட்டுத் தந்தார். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 800 ரூபாய். இரண்டாம் தடவை போல்ட்டைக் கழற்றி மாட்டுவது பத்து நிமிட வேலையாகிவிட்டது. கடையில் வாங்கும்போதே உள் துணியைத் திறந்து ஸ்க்ரூவா ரிவெட்டா என்று பாருங்கள். உள் துணியை ஜிப் இல்லாமல் மொத்தமாக ஒட்டியிருந்தால் அந்தப் பெட்டியே வேண்டாம்.

கைப்பிடியை முழு நீளத்துக்கு இழுத்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆடத்தான் செய்யும், கடகடவென்று ஆடினால் விட்டுவிடுங்கள். என் கைப்பிடி போனது விமானத்தில். ‘கேபின் பெட்டிதானே, நம் கையிலேயே இருக்குமே’ என்று நினைக்காதீர்கள். மதுரைக்கு வருகிற ஏ.டி.ஆர் என்கிற சின்ன விமானத்தில் தலைக்கு மேலே இருக்கிற தட்டு சிறியது. ஏணியருகே பெட்டியை வாங்கிச் சரக்கு அறையில் போட்டுவிடுவார்கள். அப்படிப் போன ஒரு நாள், திரும்பி வரும்போது கைப்பிடி பாதியில் நின்று, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் மாட்டிக்கொண்டது. நான் வீட்டுக்கு வந்து மறுநாள்தான் புகார் எழுதினேன். ‘வழக்கமான தேய்மானம்’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. அடிபட்டிருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கவுன்டரில் எழுதி வாங்கிவிடுங்கள். சர்வதேசப் பயணத்தில் சேதத்துக்கு 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர மான்ட்ரியல் ஒப்பந்தம் இடம் தருகிறது. இருந்தாலும் பெட்டி கையோடு இருக்கும்போது பேசுவதற்கு இருக்கிற வலு ஏழாம் நாள் இருக்காது.

வாரன்டியும் ஏறக்குறைய அதே கதைதான். ஐந்து வருடம், பத்து வருடம் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான், தேய்மானத்துக்கும் விமானத்தில் அடிபட்டதற்கும் இல்லை என்பது சின்ன எழுத்தில் இருக்கும்.

ஜிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முழங்காலை வைத்து அழுத்தி மூடாதீர்கள். இறுகினால் மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும். பல் கடிக்காமல் விரிந்துகொண்டே போனால் பெரும்பாலும் ரன்னர் தளர்ந்திருக்கும், அதை மட்டும் மாற்றலாம்.

எங்கள் அப்பா கல்யாணத்துக்கு வந்த வி.ஐ.பி சூட்கேஸ் இன்றும் வீட்டில் இருக்கிறது. பத்திரமெல்லாம் அதில்தான். ‘ஒங்க பெட்டியெல்லாம் ஒரு பெட்டியாடா’ என்பார். சக்கரமும் கிடையாது, ஜிப்பும் கிடையாது, நீளுகிற கைப்பிடியும் கிடையாது, கெட்டுப்போக அதில் என்ன இருக்கிறது? ஆனால் காலியாகத் தூக்கினாலே தோள் இறங்கும். 7 கிலோ கேபின் கணக்கில் அதைக் கொண்டுபோனால் ஒரு வேட்டியும் அம்மா தருகிற இட்லிப் பொடியும்தான் மிச்ச எடைக்குப் போகும். என் பெட்டி காலியாக 2.7 கிலோ. மூன்றைத் தாண்டுகிற கேபின் பெட்டியை நான் வாங்க மாட்டேன்.

உங்கள் கணக்குக்கு வருவோம். மாதம் நான்கு பயணம் என்றால் இரண்டரை, மூன்று வருடத்துக்கு ஒரு தடவை சக்கரம் மாற்ற வேண்டியிருக்கும். அதைச் செய்துகொண்டால் நல்ல பாலிகார்பனேட் ஓடு ஏழெட்டு வருடம் தாராளமாக ஓடும். நானாக இருந்தால் பன்னிரண்டாயிரம் போட மாட்டேன். ஏழாயிரத்தில், ஸ்க்ரூ வைத்த சக்கரத்தோடு, சொரசொரப்பான மேற்பரப்பில் ஒன்று எடுப்பேன். பளபளப்பானது முதல் பயணத்திலேயே கீறல் காட்டும்.

என் பெட்டியின் இடது முன் சக்கரம் போன வாரத்திலிருந்து கிறீச்சிடுகிறது. அந்த அண்ணனுக்கு ஞாயிறு லீவு. சனிக்கிழமை மதியம் கொண்டுபோய்க் கொடுத்தால் திங்கட்கிழமை ராத்திரி பாண்டியனுக்கு ஆகிவிடும்.